இரண்டாம் பாட்டுக்குப் பின் ஒரு சிரிப்பு

1

விலை உயர்ந்த மறுபதிப்பு இசைத்தட்டுகளை வாங்கலாமா என்பது பற்றி ஓர் இதழ் என்னிடம் கட்டுரை கேட்டது. வாங்கலாம் என்று எழுதினேன். மூல ஒலிநாடாவிலிருந்து நேராக எடுத்தவை, கனமான தட்டு, இரைச்சல் இல்லை. நான்காம் பத்தியில் இசோமுரா நுழைந்தார். கட்டுரை கதையாகிவிட்டது.

2

மழை பெய்துகொண்டிருந்த கோயென்ஜியில் ஒரு

(இல்லை. அன்று மழை இல்லை.)

கோயென்ஜிப் பகுதியில் ஒரு ஜாஸ் காபிக்கடை. உரிமையாளரை எல்லாரும் மாஸ்டர் என்பார்கள். தட்டு ஓடும்போது யாரும் பேசக் கூடாது. ஓடும் தட்டின் உறையை மாஸ்டர் முன்மேசையில் நிறுத்துவார். பிளேயர் மேசைக்குப் பின்னால், கண்ணில் படாது.*

இசோமுரா ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். வியாழன்தோறும் ஒரே தட்டைக் கேட்பார். யோகோஹாமா கிளப் ஒன்றில் நேரடியாகப் பதிவானது. இரண்டாம் பாட்டு முடிந்ததும், கீறல் இரைச்சலுக்கு அடியில் ஒரு பெண் சிரிக்கிறாள். அவர் மனைவி சிகுசா. அன்று அங்கே இருந்தவள். "அது நான்தான்" என்று எல்லாரிடமும் சொன்னவள். போன குளிர்காலம் இறந்துபோனாள்.

* உறையை நம்புவது இந்தக் கடையின் மரியாதை.

3

அந்தத் தட்டின் புதிய பதிப்பை இசோமுரா கேட்டுக் கேட்டு மாஸ்டர் வாங்கினார். புதுத் தட்டைக் கடை திறக்குமுன் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது அவர் வழக்கம். நான் உடனிருந்தேன்.

சிரிப்பு துல்லியமாக எழுந்தது. அதை ஒட்டி ஓர் ஆண் குரல்: "மசாயோ, சும்மா இரு."

மாஸ்டர் ஊசியைத் தூக்கினார்.

"யாருங்க இந்த மசாயோ?"

"சிகுசா இல்ல."

"அது எனக்கும் கேட்டுது. நீங்க கதை எழுதுறவருதானே? ஏதாவது பண்ணுங்க."

(பண்ணிப் பார்த்தேன். ஆண் குரல் வரும் வரியை அடித்தேன். கூடவே சிரிப்பும் போய்விட்டது. திரும்ப எழுதினேன்.)

4

கதவு மணி அடித்தது. இசோமுரா, டை கட்டியிருந்தார்.

"வந்துடுச்சா மாஸ்டர்?"

"வந்துடுச்சு. அதுக்கு டை வேறயா? பொண்ணு பாக்கவா போறீங்க?"

"அவள ஒரு தடவ ஒழுங்கா கேக்கணும்னு எவ்ளோ நாளா... சரி, போடுங்க."

"மொதல்ல காபி குடிங்க, இசோமுரா-சான்."

"உங்க காபிக்கு எவன் வந்தான்? தட்டப் போடுங்க."

மாஸ்டர் புதிய உறையை நிறுத்தினார். மேசைக்குப் பின்னால் குனிந்தார். அங்கே இரண்டு தட்டுகளும் இருந்தன.

5

முடிவு ஒன்று: பழைய தட்டு. இசோமுராவின் காது முதல் கீறலிலேயே கண்டுபிடித்துவிடும். முடிந்ததும், "எவ்ளோ தெளிவு, மாஸ்டர்" என்பார்.

முடிவு இரண்டு: புதிய தட்டு. மசாயோ என்ற பெயர் கேட்டதும் அவர்

(விட்டுவிட்டேன்.)

கட்டுரையின் பதிலில் மாற்றமில்லை. வாங்கலாம். பதிவில் உள்ள எல்லாவற்றையும் மறுபதிப்பு தரும். அதற்குத்தான் அந்த விலை.

ஊசி இறங்குகிறது. இசோமுரா கண்களை மூடிக்கொள்கிறார். கீறல் கேட்கிறதா என்று நீங்களே பாருங்கள். என்னிடம் சொல்ல வேண்டாம். தட்டு ஓடும்போது இங்கே பேசக் கூடாது.