படகு மறைக்கும் அறை

"பால்கனி அறையிலேயே இதுதான் ஆன்ட்டி மலிவு," என்று சொல்லி அந்தப் பெண் கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். பயண ஏற்பாட்டு அலுவலகத்தின் சின்ன மேஜைக்கு முன்னால் மூன்று பேரும் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்: அம்மா, நடுவில் நான், அந்தப் பக்கம் அப்பா. படத்தில் கண்ணாடிக் கதவு, இரண்டு நாற்காலிகள், கம்பித் தடுப்பு. அதற்கு அப்பால் கடல் இருக்க வேண்டிய இடத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ பெரிதாக முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது.

"அது உயிர்காக்கும் படகு. அந்த வரிசைக்கு முன்னாடிதான் தொங்கவிட்டிருப்பாங்க. கடலை மறைக்கும், அதான் தள்ளுபடி. கொஞ்சம் கூடப் போட்டா மேல் தளத்துல மறைப்பே இல்லாம கிடைக்கும் ஆன்ட்டி."

"மேலயே போட்டுடும்மா," என்றாள் அம்மா. "எனக்குத் தண்ணி தெரியணும்."

எதற்காக என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. கல்யாண நாளா என்று நாங்கள் வந்ததும் சிரித்துக்கொண்டே கேட்டாள். நான் பட்டும் படாமல் தலையை ஆட்டிவைத்தேன்.

அண்ணன் சரக்குக் கப்பலில் சமையல்காரனாக இருந்தான். ஒரு காலையில் அடுப்பு பற்றவைக்காமல் கிடந்ததைப் பார்த்த பிறகுதான் அவனைத் தேடவே ஆரம்பித்தார்களாம். கப்பலைத் திருப்பினார்கள், சுற்றிச் சுற்றி வந்தார்கள், இருட்டியதும் தேடுவதை நிறுத்திவிட்டார்கள். எங்களுக்கு ஒரு போன் வந்தது. பிறகு அவனுடைய பை வந்தது. உள்ளே இருந்த சட்டைகளை யாரோ நல்ல மனதோடு துவைத்து, மடித்து வைத்திருந்தார்கள். அம்மா ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் சோப்பு வாசனைதான். "எவன்டா துவைக்கச் சொன்னான்?" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள்.

அவனை நினைத்துப் போய் நிற்பதற்கு எங்களுக்கு ஓர் இடம் இல்லை. அந்தக் கடல் வழியாக ஓர் உல்லாசக் கப்பல் போகிறது என்று யார் சொன்னார்களோ, அம்மா அதையே பிடித்துக்கொண்டாள். அப்பாவோ கடல் என்ற பேச்சை எடுத்தாலே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். ஆயுசு முழுக்க லிஃப்ட் பழுதுபார்த்தவர். மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதுதான் அவர் வேலையாக இருந்தது. இந்த அலுவலகத்துக்கு அவர் வந்ததே எங்களுக்கு ஆச்சரியம். அவர் இப்போது திரையில் இருந்த படகைத் தொட்டுக் காட்டினார்.

"இதையே எடுத்துக்கலாம்."

"காசு மிச்சம் பிடிக்கிற இடமாங்க இது?" என்றாள் அம்மா.

அவர் அந்தப் பெண்ணிடம் கேட்டார். "இந்தப் படகை இறக்க எவ்வளவு நேரம்மா ஆகும்?"

"அது… யாரும் கேட்டதில்ல அங்கிள். பயப்படாதீங்க, இப்பல்லாம் கப்பல் ரொம்ப சேஃப்."

"கயிறா, கம்பியா? மோட்டார் நின்னுட்டாலும் இறங்குமா?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் மேஜையைப் பார்த்தேன். அப்பாவின் விரல் இன்னும் திரையிலேயே இருந்தது.

"கூப்பிட்டா கேக்கற தூரத்துல ஒரு படகு இருக்கணும்மா. வேற ஒண்ணும் இல்ல."

அம்மா கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள். "அதையே போடும்மா," என்றாள்.

கப்பலில் அந்த அறை படத்தில் இருந்ததைவிடச் சின்னது. எனக்குச் சோபாவை இழுத்துக் கட்டிலாக்கிக் கொடுத்தார்கள். பால்கனி முழுவதையும் படகு அடைத்துக்கொண்டிருந்தது. அதன் அடிவயிற்றுக்குக் கீழே மட்டும் கையகலத்துக்குத் தண்ணீர் தெரிந்தது. அண்ணன் போன கடலைக் கடந்த நாளில் அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. அம்மா தரையில் உட்கார்ந்து, கன்னத்தைக் கம்பியில் சாய்த்து, அந்தக் கையகலத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. "இவ்வளவு நீலமா இருக்கு," என்று ஒரே ஒரு முறை சொன்னாள், யாரையோ குறை சொல்வதுபோல.

மறுநாள் காலை ஒரு துறைமுகத்தில் நின்றோம். பயிற்சிக்காகப் படகுகளை இறக்கப்போவதாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மோட்டார் உறுமிய சத்தம் கேட்டதும் அப்பா எழுந்து, வெறுங்காலோடு பால்கனிக்கு வந்தார். அதுவரை அவர் அங்கே காலே வைத்ததில்லை. படகு அசைந்தது, விலகியது, கீழே போனது. அது விட்ட இடத்தின் வழியாக வெளிச்சமும் காற்றும் கடலும் ஒரேயடியாக அறைக்குள் நுழைந்தன. அப்பா கடலைப் பார்க்கவில்லை. கம்பி வடம் ஓடுவதையே பார்த்தார்.

"தொட்டுடுச்சு," என்றார். பிறகு, "அதுக்குள்ளயா?" என்றார். உதடு கோணிக்கொண்டது.

கீழே படகில் மஞ்சள் தலைக்கவசம் போட்ட ஒருவர் கொக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தார். நரைத்த மீசை, எந்த ஊர்க்காரரோ. அம்மா தடுப்பின் மேல் எக்கி, "பாத்துப் போங்கப்பா!" என்று கத்தினாள். அவர் நிமிர்ந்து தேடினார். பாஷை புரிந்திருக்காது, ஆனாலும் கையை உயர்த்தினார். படகு மூக்கைத் திருப்பிக்கொண்டு வெளிக்கடல் பக்கம் கிளம்பியது. அம்மா குதிகாலைத் தூக்கி இன்னும் எட்டிப் பார்த்தாள். அவளுக்குப் பின்னால் நின்ற அப்பா, அவள் ஸ்வெட்டரின் நுனியை முஷ்டியில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தார். விரல் கணுக்கள் வெளுத்திருந்தன.