தெரிந்த குரல் வந்தால் கை தூக்கு

மருந்துக் கடை வரிசையில் தனக்கு முன்னால் நின்றவர் வாயைத் திறந்ததுமே அவளுக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் முதுகையும் கசங்கிய காலரையும்தான். ஆனால் "முட்டிக்குத் தேய்க்கிற தைலம் ஒண்ணு குடுங்களேன்" என்று வாக்கியத்தின் வாலைப் பிடித்து இழுத்த அந்தக் குரல்! தினமும் காலையில் தன் அம்மாவுக்குப் போன் போட்டு, சாப்பிட்டாயா, நடந்தாயா, முட்டி எப்படி இருக்கிறது என்று விசாரிக்கும் கணக்கு ட்யூஷன் வாத்தியார்!

"அம்மாவுக்கு முட்டி வலி இன்னும் குறையலையா சார்?"

நெடுநாள் பழகியவளைப் போலக் கேட்டுவிட்டாள். கேட்ட பிறகுதான் உதட்டைக் கடித்தாள்.

வாத்தியார் திரும்பினார். "எங்க, குறையவே மாட்டேங்குது. நீங்க... என்கிட்ட படிக்கிற பையனோட அம்மாவா?"

"இல்ல சார். அது வந்து..."

"அப்புறம் எங்கம்மா முட்டியைப் பத்தி உங்களுக்கு யார் சொன்னது?"

வாத்தியார் அவள் முகத்தைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, ஏதோ பூச்சியைப் பார்ப்பது போல அதைப் பார்த்தார். கணக்கு வாத்தியார் அல்லவா? கூட்டிப் பார்த்துவிட்டார். தைலத்தை வாங்காமலே கடையை விட்டு இறங்கி, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே தெரு முனையில் மறைந்தார்.

அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. முட்டி என்பது நிஜமாகவே முட்டிதான்! 'முட்டி என்று அடிக்கடி குறிப்பிடுவது சங்கேதச் சொல்லாக இருக்கலாம்' என்று அவள் ரிப்போர்ட் வேறு எழுதிக் கொடுத்திருந்தாள்.

அவள் வேலை பார்த்த கட்டடத்தின் வாசலில் 'தொலைத்தொடர்புப் பராமரிப்புப் பிரிவு' என்று பலகை தொங்கும். உள்ளே பராமரிப்பும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. ஜன்னல் இல்லாத நீண்ட அறையில் வரிசையாக மேஜைகள், மேஜைக்கு ஒரு ஆள், ஆளுக்கு ஒரு ஹெட்ஃபோன். ஊர் பேசும், அறை கேட்கும். அந்த அறையில் அவளுக்குப் பட்டப்பெயர் 'பாம்புக்காது'. பெயரைக் கேட்டு அவள் கோபித்துக்கொண்டதே இல்லை. உள்ளுக்குள் பெருமைதான். ஒரு தடவை, கடத்தப்பட்ட குழந்தையின் அப்பாவை மிரட்டியவனின் குரலுக்குப் பின்னால் மர அறுவை மில்லின் ரம்பச் சத்தத்தைப் பிடித்து, போலீஸை நேரே அங்கே அனுப்பியவள் அவள். குழந்தை சிரித்துக்கொண்டே வீடு திரும்பியது. அரசாங்கம் மெடல் கொடுத்தது.

அறையில் ஒரே ஒரு விதி. தெரிந்த குரல் வந்தால் கை தூக்கு. மாமா, மச்சான், பக்கத்து வீட்டுக்காரி, யாராக இருந்தாலும் சரி. வாயைத் திறக்காமல் வலது கையை உயர்த்த வேண்டும். அந்த இணைப்பு அப்படியே பக்கத்து மேஜைக்குப் போய்விடும். வருஷக்கணக்கில் பழகி, அது இமை மூடுவது போல ஆகிவிட்டது. அவளுக்குப் பக்கத்து மேஜை 'ரேடியோ'. வாயை மூடவே தெரியாத இளம்பெண் என்பதால் அந்தப் பெயர்.

'உங்கள் காதுக்கு வருகிற ஒவ்வொரு குரலுக்கும் நீதிபதியின் கையெழுத்து இருக்கிறது' என்று வேலையில் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். அவள் நம்பினாள். மருந்துக் கடைக்குப் போகும்வரை நம்பினாள்.

மறுநாள் காலை டைரக்டரின் அறைக்குள் நுழைந்தாள்.

"அந்த ட்யூஷன் வாத்தியார் என்ன தப்பு பண்ணார் சார்?"

"ஒண்ணும் பண்ணலையே."

"அப்ப எந்த நீதிபதி கையெழுத்துப் போட்டார்?"

டைரக்டர் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "என்னம்மா, இன்னும் பழைய காலத்துலயே இருக்கீங்க! முன்னெல்லாம் ஆளைச் சந்தேகப்பட்டுட்டுக் கேட்டோம். இப்ப எல்லாரையும் கேட்டுட்டு, அப்புறமா சந்தேகப்படறோம். வேலை சுலபம்."

"எல்லாரையுமா?"

"போன் வச்சிருக்கற எல்லாரையும். உங்க காதுக்கு ரிட்டயர் ஆகிற வரைக்கும் வேலை குறையாது. சந்தோஷமா போங்க."

அவள் போனாள். சந்தோஷமாக இல்லை.

அதே வாரம் ஊரெல்லாம் ஒரே பேச்சு. போன்களை ஒட்டுக்கேட்கிறார்கள் என்று பத்திரிகைகள் கிளப்பிவிட, அரசாங்கம் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமையில் விசாரணைக் குழு போட்டது. 'நீதிபதியின் உத்தரவு இல்லாமல் ஒரு குரலைக்கூடக் கேட்டதில்லை' என்று அமைச்சர் அடித்துச் சொன்னார். தெரிந்தவர்கள் வந்து சாட்சி சொல்லலாம் என்று குழு அறிவித்தது.

"நான் போகப் போறேங்க" என்றாள் அவள்.

லிஃப்ட் மெக்கானிக்கான கணவன் அப்போதுதான் வேலை முடிந்து வந்து கையில் ஒட்டிய கிரீஸை சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தான். தேய்த்த கை நின்றது.

"ரகசியம் காப்பேன்னு சத்தியம் பண்ணிக் கையெழுத்துப் போட்டிருக்க. வாயைத் திறந்தா வேலை போகும். அதோட விடமாட்டாங்க, ஜெயில்ல தூக்கிப் போடுவாங்க. தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா? சரி, அன்னிக்கு ஒரு குழந்தையைக் காப்பாத்தினியே. நாளைக்கு இன்னொரு குழந்தை தொலைஞ்சா, காது குடுத்துக் கேக்க ஆள் வேண்டாமா?"

இதைத்தான் அவளும் தன்னையே கேட்டுக் கேட்டுத் தூக்கத்தைத் தொலைத்திருந்தாள். "வேணும். ஆனா அன்னிக்கு நீதிபதி கையெழுத்து இருந்துச்சு. என் கண்ணால பாத்தேன். குளிச்சுட்டு ஈரத்தலையோட வந்து போட்டுக் குடுத்தார். அவ்வளவு அவசரத்துலயே வாங்க முடிஞ்சதுன்னா, இப்ப ஏன் வாங்கல? கேட்டா குடுக்க மாட்டாங்கன்னு தெரியும். அதான்."

"நம்ம மக போனையுமா கேக்கறாங்க?"

"என் காதுக்கு வந்தா கை தூக்கிடுவேன்."

"அப்பாடா."

"என்ன அப்பாடா? கை தூக்கினா குரல் நின்னுடுமா? பக்கத்து மேஜைக்குப் போகும். அவ்வளவுதான்."

கணவன் கையைக் கழுவினான். துடைத்தான். துடைத்த கையையே மறுபடி துடைத்தான்.

"எங்கிட்ட பெரிய பெரிய கட்டடத்து லிஃப்ட் சாவியெல்லாம் இருக்கு. எந்த மாடிக்கு வேணாலும் போகலாம். அதுக்காக, இருக்கிற எல்லா வீட்டுக்குள்ளயும் எட்டிப் பாத்துட்டு வந்தேன்னா என்னைச் செருப்பாலேயே அடிப்பாங்க" என்றான் கடைசியில். "யாருக்கும் தெரியாம பத்திரிகைக்காரங்க காதுல போட்டுடேன். உன் பேர் வெளிய வராது."

"ஒளிஞ்சு கேட்டது போதுங்க. சொல்றதையாவது வெளிச்சத்துல நின்னு சொல்றேன்."

கணவன் உள்ளே போனான். அலமாரியில் இருந்த மெடலை எடுத்து வந்து, சட்டை நுனியால் பளபளவென்று தேய்த்து, அவள் கையில் வைத்தான்.

"இதைக் குத்திக்கிட்டுப் போ. ஏதோ திருடி வந்து நிக்கிறாள்னு எவனும் நினைக்கக் கூடாது."

விசாரணை மண்டபம் நிரம்பி வழிந்தது. அவள் சாட்சிக் கூண்டில் ஏறி நின்று பின்வரிசையைப் பார்த்தாள். டைரக்டர் அவளுடைய பிரிவு முழுவதையும் அழைத்து வந்து உட்கார வைத்திருந்தார்! இவர்கள் பிழைப்பில்தான் மண்ணைப் போடப் போகிறாய் என்று வாயைத் திறக்காமல் சொல்லும் ஏற்பாடு. நடுவில் ரேடியோ. வாயாடி இன்று வாயை இறுக்கி மூடியிருந்தாள். குழுத் தலைவரான நீதிபதி பேசத் தொடங்கியதும், அவள் தன் வலது கையைத் தொடைக்கு அடியில் தள்ளிக்கொள்வதைப் பாம்புக்காது பார்த்தாள். ஏன் என்று யோசிக்க நேரமில்லை.

தனக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லி முடித்தாள். யாருடைய பேச்சையும் சொல்லவில்லை. எப்படிக் கேட்கிறார்கள் என்பதை மட்டும் சொன்னாள்.

அரசாங்க வக்கீல் எழுந்தார். ஊரே அறிந்த பெரிய வக்கீல். கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கதை ரொம்ப நல்லா இருக்கும்மா. ஆதாரம்னு ஏதாவது..."

அவ்வளவுதான் பேசினார். அதற்குள் கூண்டில் நின்றவளின் வலது கை தானாக மேலே போய்விட்டது.

மண்டபத்தில் சலசலப்பு. பின்வரிசையில் டைரக்டரின் முகம் வெளுத்தது.

"எதுக்கும்மா கை தூக்கறீங்க? ஏதாவது வேணுமா?" என்றார் நீதிபதி.

அவள் அப்போதுதான் தன் கையையே பார்த்தாள். "மன்னிக்கணும் ஐயா. எங்க பிரிவுல அது ஒரு விதி. தெரிஞ்ச குரல் வந்தா கை தூக்கணும். பழக்க தோஷம், அதுவா தூக்கிருச்சு."

"அப்ப வக்கீலை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"இன்னிக்குத்தான் முதல் தடவையா பாக்கறேன். குரல் மட்டும் தெரியும்."

வக்கீல் கலகலவென்று சிரித்தார். "பிரமாதம்! அப்ப என் குரல்ல என்ன கேட்டீங்கன்னு சொல்லுங்க, எல்லாரும் கேக்கட்டும்."

"சபையில சொல்ல மாட்டேன் சார்."

"ஏன்? தெரியாதா?"

"தெரியும். கேட்டதே தப்பு. அதை ஊருக்கும் சொன்னா ரெண்டாவது தப்பு. நீங்க சம்மதிச்சா உங்க காதுல மட்டும் சொல்றேன். பொய்யின்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், இறங்கி நேரா ஜெயிலுக்குப் போறேன்."

வக்கீல் நீதிபதியைப் பார்த்தார். நீதிபதி தலையசைத்தார். வக்கீல் சிரிப்பு மாறாமல் கூண்டருகே வந்து காதைக் கொடுத்தார். அவள் குனிந்து ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். அது என்ன என்று இங்கே சொல்வதற்கும் இல்லை.

சிரிப்பு மெதுவாக இறங்கியது. வக்கீல் தம் இடத்துக்குத் திரும்பினார். தண்ணீர் குடித்தார். அவருடைய ஒரு வார்த்தையில் அவள் வேலை, விடுதலை, வீடு எல்லாம் தொங்கிக்கொண்டிருந்தது. பார்வையாளர் வரிசையில் அவள் கணவன் முன் நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"பொய்யா?" என்றார் நீதிபதி.

வக்கீல் கோட்டைக் கழற்றி நாற்காலியின் மேல் போட்டார்.

"உண்மை ஐயா. எனக்கும் இன்னொருத்தருக்கும் மட்டும் தெரிஞ்ச விஷயம். நாங்க போன்ல பேசினது." டைரக்டரின் பக்கம் திரும்பினார். "என் பேர்ல எந்த நீதிபதியாவது உத்தரவு போட்டிருக்காரான்னு டைரக்டரைக் கேளுங்க. எனக்கும் தெரியணும்."

டைரக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கேக்கறேன்" என்றார் நீதிபதி. "அதுக்கு முன்னாடி ஒண்ணு. இந்த சாட்சி மேல குழுவோட அனுமதி இல்லாம யாரும் கை வைக்கக் கூடாது. இது உத்தரவு. அடுத்து..."

அவர் நிறுத்தினார். பின்வரிசையில் ஒரு கை உயர்ந்திருந்தது. ரேடியோவின் வலது கை.

"நீ எதுக்கும்மா கை தூக்கற?"

"நீங்க வந்ததுலேருந்து தொடைக்கு அடியில வச்சு அமுக்கிக்கிட்டே இருந்தேன் ஐயா, முடியல." ரேடியோ எழுந்து நின்றாள். "உங்க குரல் எனக்குத் தெரியும்."

நீதிபதி பேனாவை மேஜை மேல் வைத்தார்.

"கையை இறக்கு!" என்று சீறினார் டைரக்டர்.

ரேடியோ இறக்கவில்லை. அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு கை எழுந்தது. அதற்கு அப்பால் இன்னொன்று. அப்புறம் வரிசை முழுவதும். யார் யார் குரலுக்கோ, எந்தெந்த வீட்டுப் பேச்சுக்கோ, இதுவரை தூக்காமல் விட்ட கைகள் எல்லாம் தூக்கி நின்றன. பாம்புக்காதுக்குக் கண் மங்கியது. மெடல் கொடுத்த அன்றுகூட இப்படி நெஞ்சு நிமிர்ந்ததில்லை. 'என் பிரிவு' என்று அவள் உதடு சத்தமில்லாமல் அசைந்தது.

பார்வையாளர் வரிசையிலும் ஒரு கை உயர்ந்தது. நகக்கண்ணில் கிரீஸ் போகாத கை.

"நீங்களும் அந்தப் பிரிவா?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"சேச்சே, நான் லிஃப்ட் மெக்கானிக்" என்றான் அவன், கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தி. "கூண்டுல பேசினாங்களே, அந்தம்மா குரல் எனக்கு நல்லாத் தெரியும்."