பெரியம்மா மகள்

ராஜபாளையத்தில் வாடகைக்கு வீடு கேட்டுப் போனபோது வீட்டுக்காரம்மா சுடலையம்மாள் எங்கள் பெயர்களைக் கேட்டுவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"ஒருத்தி மாரிசெல்வி, ஒருத்தி ஜெமி. இது எப்பிடி அக்கா தங்கச்சி?"

"எங்க அம்மா வேதத்துல சேந்துட்டாவ ஆச்சி. செல்வி எங்க பெரியம்மா மக" என்றாள் ஜெமி, கண் இமைக்காமல். எங்கள் பக்கத்தில் பல குடும்பங்களில் அக்கா இந்துவாகவும் தங்கை கிறிஸ்தவளாகவும் இருப்பது வழக்கம் என்பதால் அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. சோழபுரத்தில் இருந்த தன் அம்மா ஏசம்மாளிடம் ஜெமி வேறொன்று சொல்லியிருந்தாள்: மில் ஹாஸ்டலில் தங்கியிருப்பதாக. ஞாயிறுதோறும் அவளே ஊருக்குப் போய்வந்துவிடுவாள். அம்மா இங்கே வரவேண்டிய அவசியமே ஏற்படவில்லை. இப்படி ஆறு வருஷம் சேர்ந்து வாழ்ந்தோம்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அந்தப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் மாணவர் நலப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஆணை விரும்பும் ஆண்கள், பெண்ணை விரும்பும் பெண்கள், திருநங்கைகள், திருநம்பிகள், இன்னும் எதையும் முடிவு செய்யாதவர்கள் என்று ஒரு பத்துப் பன்னிரண்டு பேர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் அறைக்கு வருவார்கள். அந்த நேரத்தில் எல்லோரும் ஊருக்குப் பஸ் பிடிக்கிற அவசரத்தில் இருப்பதால், யார் எந்த அறைக்குள் போகிறார்கள் என்று ஒருவரும் கவனிப்பதில்லை. மனநல மருத்துவரை அழைத்து வந்து பேச வைப்பேன், கோர்ட்டிலிருந்து வக்கீலைக் கூட்டிவருவேன். இந்த வெள்ளிக்கிழமை வட்டத்துக்கு ஒரே ஒரு விதி வைத்திருந்தேன். ஒருவரைப் பற்றி இன்னொருவர் வெளியே சொல்லக் கூடாது. அவரவர் வாயாலேயே சொல்ல வேண்டும், இல்லையென்றால் யாரும் சொல்லக் கூடாது.

ஜெமியும் அதையேதான் கேட்டிருந்தாள். "அம்மாட்ட நான் சொல்லிக்கிடுதேன் செல்வி. நீ வாயத் தெறக்காத." கிறிஸ்துமஸ் முடியட்டும், ஈஸ்டர் முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே போனாள். ஜூன் மாதம் மில்லில் வேலை செய்துகொண்டிருந்தவள் தலைவலி என்று உட்கார்ந்தாள். மூளையில் ரத்தக் கசிவு. மதுரைக்குக் கொண்டுபோயும் பலனில்லை.

சோழபுரத்தில் சவப்பெட்டி வைத்திருந்த வீட்டுக்குள் சுவரோரமாக நின்றேன். வட்டத்திலிருந்து என் மாணவர்கள் வீரணனும் இந்துவும் பஸ் பிடித்து வந்திருந்தார்கள்; ஜெமி ஒருமுறை அங்கே வந்து எங்களைப் பற்றித் தன் வாயாலேயே அவர்களிடம் சொல்லியிருந்தாள். பெட்டியை மூடும் நேரம் வந்ததும், ஜெபம் நடத்திய சர்ச் உபதேசியார் குரல் கொடுத்தார். "சொந்தக்காரவிய மட்டும் கடைசியா முகம் பாத்துக்கிடுங்க. மத்தவிய வெளிய நில்லுங்க."

நான் அவளை முத்தமிட வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு மிச்சமிருந்தது.

என்னோடு துக்கத்துக்கு வந்திருந்த வீட்டுக்காரம்மா சுடலையம்மாள் என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினார். "ஏசம்மா, ஒங்க அக்கா மகளுக்கு வழிய விடுங்க. ஆறு வருசமா ஒரே வீட்டுல ஒண்ணா இருந்த பிள்ளைய."

"எனக்கு ஏது அக்கா? கூடப் பொறந்தது நாலும் ஆம்பளைல்லா?" ஏசம்மாள் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ஹாஸ்டல்லன்னு சொன்னாளே. ஏட்டி, நீ யாரு? எம் மவளுக்கு நீ யாரு?"

பதில் எனக்குத் தெரியும். சொன்னால் அந்தப் பதில் ஜெமியைப் பற்றியது. கேட்பவர் அவள் அம்மா. மறுத்துச் சொல்லவோ ஆமென்று சொல்லவோ இனி ஜெமியால் முடியாது.

"அம்மா, மிஸ் வந்து அவியளுக்கு..." என்று வீரணன் ஆரம்பித்தான்.

"ஏலே வீரணா! வாய மூடு." அவனை நான் அப்படி அதட்டியதே இல்லை. பிறகு ஏசம்மாளிடம், "சிநேகிதிம்மா. வாடகைக்கு வீடு தரமாட்டாவன்னு அப்பிடிச் சொல்லிட்டோம்" என்றேன்.

"சிநேகிதப் பிள்ளையளும் வெளிய நில்லுங்கம்மா" என்றார் உபதேசியார்.

வாசலில் நின்று ஆணி இறங்கும் சத்தத்தைக் கேட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை வீரணன் வருவானோ மாட்டானோ என்றிருந்தேன். எல்லோருக்கும் முன்னால் வந்து உட்கார்ந்திருந்தான்.

"மிஸ், ஒங்க விதிய மாத்தணும். நாங்க செத்துப்போனா யாரு சொல்லலாம்னு உசிரோட இருக்கப்பவே சொல்லிவைக்கப் போறோம்."

"ஒனக்கு யாருல?" என்றாள் இந்து.

"நீதான். எங்கப்பாட்ட நேரா போய்ச் சொல்லிரு. அரிவாள எடுத்தாருன்னா ஓடிரு."

"பேரு மட்டும் வீரணன்!"

சிரித்துக்கொண்டே ஒவ்வொருவராகப் பெயர் சொன்னார்கள். சிலர் சொல்லும்போது அழுதார்கள். கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என் கதையை யார் சொன்னாலும் அதில் பாதி ஜெமியின் கதை. அதைச் சொல்ல யாருக்கும் அவள் அனுமதி தந்துவிட்டுப் போகவில்லை.

"எனக்கு வேண்டாம்" என்றேன். வீரணன் என்னை வற்புறுத்தவில்லை. அவன் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சோழபுரம் போகிறேன். ஏசம்மாள்தான் வரச் சொன்னார். மகள் அந்த வீட்டில் என்ன சமைப்பாள், எப்போது தூங்குவாள், எதற்குச் சிரிப்பாள் என்று கேட்டுக்கொண்டே இருப்பார். கேட்டதற்கெல்லாம் சிநேகிதிக்குத் தெரிந்திருக்கக்கூடிய அளவில் பதில் சொல்கிறேன். போன வாரம் எனக்குச் சோறு போட்டபடியே சொன்னார்.

"அவளுக்குன்னு ஒருத்தன் கையப் பிடிச்சுக் குடுக்காமப் போயிட்டேனேன்னுதான் மனசு அடிச்சுக்கிடுது. தனியாவே போயிட்டா பாரு."

"ஆமாம்மா" என்றேன்.