தொட்டில் பக்கம் நகர்ந்த நாற்காலி

பேய்க்கதை எழுதுகிறவனுக்கு வாழ்க்கைப்பட்டால் வீட்டில் எது எங்கே இருக்கும் என்று நிச்சயம் கிடையாது. மருந்துக்கடை வேலை முடிந்து அவள் வரும்போது, செருப்பு ஒற்றையாகக் குளியலறை வாசலில் நிற்கும். இன்னொரு நாள் சுவர்க்கண்ணாடி திரும்பியிருக்கும். எல்லாம் கணவனின் கைவேலை.

"பேயைக் கடைசி வரியில காட்டினா போதும்டி," என்பான். "அதுக்கு முன்னாடி ஏதாவது ஒண்ணு லேசா இடம் மாறணும். படிக்கிறவங்களுக்கு வயித்தைக் கலக்கணும், ஏன்னு மட்டும் புரியக்கூடாது."

சோதித்துப் பார்க்க அவள் ஒருத்திதான் அகப்பட்டாள். இடம் மாறிய பொருளைப் பற்றி முதலில் வாய் திறப்பவர் அந்த வாரம் முழுக்கப் பாத்திரம் தேய்க்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். அவளும் சளைத்தவளல்ல, திரைச்சீலையை முடிச்சுப் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவள் போலக் காய் நறுக்குவாள்.

இந்த முறை நாற்காலி. குழந்தையின் அறையில் ஜன்னலோரம் கிடந்தது, ஒருநாள் தொட்டிலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. 'ஆரம்பிச்சுட்டார் மனுஷன்' என்று சிரித்துக்கொண்டாள். மறுநாள் கொஞ்சம் தள்ளி. பிறகு அறையின் நடுவில். என்ன நிதானம் என்று பெருமையாகக்கூட இருந்தது. குட்டிப்பெண்ணை இதில் இழுத்ததுதான் நெருடியது. கேட்டுவிடலாம்தான்; ஆனால் பாத்திரம்?

அன்று சாயங்காலம் நாற்காலி தொட்டிலை ஒட்டிக் கிடந்தது. குழந்தை தூங்கிக்கொண்டிருந்தாள். நாற்காலி மெத்தையின் நடுவில் ஒரு பள்ளம். தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பாக இருந்தது.

நேரே அடுப்படிக்குப் போனாள். அவன் டீ வடிகட்டிக்கொண்டிருந்தான்.

"சரி சாமி, நான் தோத்துட்டேன். சூடு வரைக்குமா யோசிப்பீங்க? வெந்நீர்ப் பையா வெச்சீங்க?"

"எதுல?"

"நாற்காலியில."

அவன் வாய்விட்டுச் சிரித்தான். "அடிப்பாவி! நீ நகர்த்துறேன்னு நெனச்சு ஒரு வாரமா நாக்கைக் கடிச்சுட்டு இருக்கேன். இப்ப என் மேலயே போடுறியா?"

"இந்த வசனத்தை எல்லாம் உங்க கதையில வெச்சுக்கோங்க."

"குட்டி மேல சத்தியமா நான் தொடலை."

விளையாட்டில் அவர்கள் குழந்தை மேல் சத்தியம் செய்ததே இல்லை. இருவர் சிரிப்பும் ஒரே சமயத்தில் நின்றது.

உள்ளே குழந்தை கலகலவென்று சிரித்தாள். யாராவது தூக்கக் கை நீட்டினால் மட்டும் வருகிற சிரிப்பு.

அவள் ஓடினாள். தொட்டிலில் குழந்தை இரண்டு கைகளையும் நாற்காலியை நோக்கி உயர்த்தியிருந்தாள். வாரி எடுத்ததும் அம்மாவின் தோளைத் தள்ளிவிட்டு நாற்காலிப் பக்கமே தாவினாள். அழுதாள்.

அவள் குழந்தையை இறுக்கிக்கொண்டாள். ஆனால் குரல் என்னவோ, சொல்லாமல் வந்துவிட்ட உறவுக்காரரிடம் பேசுவது போலத்தான் வந்தது.

"நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. இத்தனை நாள் பக்கத்துல இருந்தது போதும். இவ என் பொண்ணு. இனிமே நான் பார்த்துக்கிறேன்."

நாற்காலி மெத்தையின் பள்ளம் மெல்ல மெல்ல மேலெழும்பிச் சமமானது.

குழந்தையின் அழுகை நின்றது. ஈரக் கண்கள் எதையோ பின்தொடர்ந்து கதவுப் பக்கம் நகர்ந்தன. அவளைத் தொடர்ந்து வந்து அறைவாசலில் நின்றிருந்த கணவன், தன்னை அறியாமல், வழிவிடுகிறவனைப் போலச் சுவரோடு ஒதுங்கினான்.

இருவரும் காது கொடுத்து நின்றார்கள். வாசல்கதவு திறக்கிற சத்தம் வரவில்லை.

"ஹாலைத் தாண்டித்தான் வெளியே போகணும்," என்றான் அவன், மூச்சுக் குரலில்.

"போவோம். எங்க அக்கா வீட்டுக்கு. எதையும் எடுக்க வேண்டாம்."

குழந்தையின் முகத்தைத் தன் கழுத்தில் பொத்திக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள். முடிவு தெரியாமல் எந்தக் கதையையும் பாதியில் வைக்காத அவனும், எந்தப் பக்கமும் தலையைத் திருப்பாமல் பின்னாலேயே வந்தான்.