நாற்பத்திரண்டு முறை நனைந்த கிடாய்

கருப்பண்ணன் கோயில் முன்னால் அந்தக் கிடாய் உடம்பைச் சிலுப்பாமல் கல் மாதிரி நின்றதற்கு நான்தான் காரணம். சாமிக்கும் அதில் பங்கு உண்டா என்பது வேறு விஷயம். அதைக் கண்டுபிடிக்கப் போய்த்தான் இந்த வினை.

வடகரப்பதிப் பக்கம் எங்கள் ஆட்களின் வழக்கம் இது. கல்யாணத்துக்கு முன் பெண் வீட்டார் குலதெய்வத்துக்குக் கிடாய் நேர்ந்துவிடுவார்கள். பூசாரி அதன் முதுகில் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார். அது உடம்பைச் சிலுப்பினால், எங்கள் பேச்சில் துலுக்கினால், சாமி சம்மதித்ததாக அர்த்தம். கிடாய் குழம்புக்கு, பெண் மாப்பிள்ளைக்கு. சிலுப்பாவிட்டால் இரண்டும் இல்லை. மூன்று முறை ஊற்றுவார்கள். அதற்குமேல் சாமியைக் கெஞ்சக் கூடாது.

நான் அங்கே பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் வாத்தியார். எழுபத்து நாலாம் வருஷம். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு தெர்மாமீட்டர், இரண்டு பீக்கர், இடுப்புக்குக் கீழே கிழிந்துபோன எலும்புக்கூட்டுப் படம் ஒன்று, இவ்வளவும் இருந்தன. இத்தனை வசதி இருக்கிறவனுக்குக் கடவுள் இருக்கிறாரா இல்லையா என்று பார்த்துவிடத் தோன்றாதா?

எனக்குப் பேசியிருந்த பெண் ராமாத்தாள். அவள் அப்பா நஞ்சப்பனின் கடலைக்காடு பள்ளிக்கூட வேலிக்கு அந்தப் பக்கம்தான். வேலி வழியாக அவள் மூன்று முறை பார்த்திருக்கிறாள். இரண்டு முறை என்னை, ஒரு முறை என் சைக்கிளை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. கல்யாணத்துக்கு நேர்ந்த கிடாயை அவள்தான் தினமும் வேலியோரம் கட்டிவிட்டுப் போவாள். பள்ளிக்கூடத்துக் கிணறு அதற்கு ஐந்தடி தள்ளி.

கோயிலில் ஊற்றினால் சிலுப்புகிற கிடாய், கோயில் இல்லாத இடத்தில் வெறும் தண்ணீரை ஊற்றினாலும் சிலுப்பினால், அது தண்ணீரின் வேலை, சாமியின் வேலை இல்லை. எவ்வளவு எளிய சோதனை. உலகத்தில் ஒருவருக்கும் தோன்றாமல் எனக்கு மட்டும் தோன்றியதே என்று எனக்கே கூச்சமாக இருந்தது.

திங்கட்கிழமை எட்டுக் குடம் ஊற்றினேன். எட்டு முறையும் சிலுப்பியது. என் வேட்டிதான் நனைந்தது. அன்றே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் விஞ்ஞானத்துக்கு ஒரு நாள் போதாது என்று நான்தானே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன்! காலையும் மாலையுமாக வெள்ளி வரைக்கும் மொத்தம் நாற்பத்திரண்டு முறை ஊற்றினேன். நோட்டில் கட்டம் போட்டு எழுதினேன். புதன்கிழமை பாதிக்குப் பாதிதான் சிலுப்பியது. வெள்ளிக்கிழமை ஒன்றுகூட இல்லை. அதற்கு நேராக நான் எழுதியிருந்த குறிப்பு: ‘கிடாய்க்கு ஏதோ மனக்கஷ்டம்.’

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பூசாரி ஆறுமுகசாமி முதல் செம்பை ஊற்றினார். கிடாய் திரும்பி என்னைப் பார்த்தது. வழக்கமான வாத்தியார் வந்திருக்கிறார், வழக்கமான தண்ணீர் விழுகிறது, அவ்வளவுதான் என்பதுபோல. இரண்டாவது செம்புக்குக் கண்ணை மூடிக்கொண்டது. மூன்றாவது செம்பின்போது பூசாரியின் கழுத்து மாலையைத் தின்றுகொண்டிருந்தது.

நஞ்சப்பன் மெதுவாக என் பக்கம் வந்தார்.

“கொஞ்ச நாளைக்கு ஆறப்போடலாமுங்க மாப்ள.”

எங்கள் பக்கத்தில் ஆறப்போடுவது என்றால், வேறு மாப்பிள்ளை கிடைக்கும் வரைக்கும் என்று பொருள். ஓடிப்போய் நோட்டை எடுத்துவந்து எல்லார் முன்னாலும் உண்மையைச் சொன்னேன். தண்ணீர் பழகிப்போய்விட்டது, சாமி ஒன்றும் மறுக்கவில்லை, மறுத்தது என் நாற்பத்திரண்டு குடம் என்று கட்டம் கட்டமாக விளக்கினேன். நஞ்சப்பன் நோட்டை வாங்கிக் கூட்டலைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். ஆறுமுகசாமிதான் கேட்டார்:

“செரி வாத்தியாரே, உங்களை நாப்பத்திரண்டு கொடம் ஊத்த வெச்சது ஆருங்க?”

நோட்டைப் புரட்டினேன். அதில் அது இல்லை.

கணக்கு வாத்தியார் சிலுவைராஜ் வண்டன்மேட்டு ஏலத்தோட்டத்திலிருந்து எங்கள் பள்ளிக்கு வந்தவர். என்னோடு ஒரே அறையில் குடியிருந்தார். கர்த்தர் ஆட்டு முதுகில் உட்கார்ந்து பதில் சொல்லுகிறவர் இல்லை என்று முதலிலேயே சொல்லியிருந்தார். இப்போதும் ஆறுதல் சொல்லவில்லை.

“சோதனை பண்ணுதவன் சோதனைக்குள்ளயே போயி உக்காந்துக்கிட்டா எப்படிவே?”

ஆனால் தண்ணீரே படாத வேறொரு கிடாயை வைத்துப் பார்க்கலாமே என்று நஞ்சப்பனிடம் பேசிச் சம்மதிக்கவைத்ததும் அவர்தான். அடுத்த ஞாயிறு வெள்ளைக் கிடாய் ஒன்று வந்தது. பூசாரி செம்பைத் தூக்குவதற்கு முன்பே அது தலை முதல் வால் வரைக்கும் ஒரு சிலுப்புச் சிலுப்பியது. சாமிக்கு அவசரம் என்று பாதிப்பேர் சொன்னார்கள். தண்ணீர் படாமல் சிலுப்பினால் செல்லாது, சிலுப்பிவிட்ட கிடாய்க்கு இனி ஊற்றவும் கூடாது என்றார் பூசாரி. அதன் காதில் ஈ உட்கார்ந்ததை நான் பார்த்தேன். சொல்ல வாயெடுத்தேன். சிலுவைராஜ் என் கையை அழுத்தினார். ஈயை அனுப்பியது யார் என்று கேட்பார்கள், பேசாமல் இரும் என்றார். வெள்ளைக் கிடாய் வந்த வழியே வீடு போனது.

கல்யாணம் உண்டா இல்லையா என்று அந்த வாரம் முழுக்க ஒவ்வொருவரையும் கேட்டேன். நஞ்சப்பன், பூசாரியைக் கேளுங்கள் என்றார். பூசாரி, சாமியைக் கேளுங்கள் என்றார். சாமியை எப்படிக் கேட்பது என்பதுதான் என் பழைய பிரச்சினை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ராமாத்தாள் பழைய கிடாயை வேலியோரம் கட்ட வந்தாள். நான் குடம் இல்லாமல் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“இது துலுக்கப்படாதுன்னு நாந்தானுங்க வேண்டிக்கிட்டேன். பொறந்த அன்னிக்கே இதுக்கு ஆத்தா செத்துப்போச்சு. சீசாவுல பால் குடுத்து வளத்ததுங்க. ஞாயித்துக்கெழம சாயங்காலம் கருப்பண்ணங்கிட்ட அழுதுபோட்டு வந்தேன். திங்கக்கெழம பாத்தா, நீங்க கொடத்தோட நிக்கறீங்க.”

“பாத்துட்டு இருந்தீங்களா? ஏன் ஒரு வார்த்தை சொல்லலே?”

“சாமி அனுப்புன ஆளைத் தடுக்கலாமுங்களா?”

நான் நோட்டைப் பிரித்தேன். இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியவில்லை. நாற்பத்திரண்டு குடம் இறைத்தபோது என் தோளைத் தொட்டு யாரும் எதுவும் சொன்னதாக நினைவில்லை. சொல்லவில்லை என்று சாதிக்கவும் என்னிடம் கருவி இல்லை. தெர்மாமீட்டர் அதற்கு ஆகாது. கிடாய் என் வேட்டி நுனியை மெல்ல ஆரம்பித்தது. அது உயிரோடு இருந்தது, அதுவரைக்கும் நிச்சயம்.

உடனே இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. கிடாய் சிலுப்பக் கூடாது என்று வேண்டியவள், கல்யாணமும் வேண்டாம் என்றுதான் வேண்டினாளோ? நோட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டேன்.

“கெடா இருக்கட்டும், சாமி இருக்கட்டும். உங்களைத்தான் கேக்கறேன். என்னைக் கட்டிக்கச் சம்மதமா, இல்லியா?”

ராமாத்தாள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

“சம்மதமுங்க. எங்கப்பங்கிட்ட இன்னிக்கே நாஞ் சொல்லிப்போடறேன்.”