மிச்சமிருந்த ஒரு கிரெடிட்

வார்டில் தலை நரைக்க ஆரம்பித்த பிறகு நர்சிங் பட்டப்படிப்பில் சேர்ந்தவர் சூறாவளி சிஸ்டர். கைவேகத்தைப் பார்த்து வார்டே வைத்த பெயர் அது. கையில் இருந்ததோ பழைய டிப்ளமோ. பட்டம் வந்தால்தான் வார்டு பொறுப்பு. வராவிட்டால் நேற்று வந்த ஒருத்திக்குக் கீழே கைகட்டி நிற்க வேண்டும்.

பழைய படிப்புக்கும் அனுபவத்துக்குமாகக் பட்டத்துக்கு வேண்டிய கிரெடிட் புள்ளிகளில் முக்கால்வாசியைக் கல்லூரி தாராளமாகவே கொடுத்துவிட்டது. மற்றதை ஒவ்வொன்றாகப் படித்துத் தேறிக்கொண்டே வந்தார். ஆனால் அந்தக் கணக்குதான் அவருக்குப் பிடிபடவில்லை. வாரம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பாடம் கேட்டால் ஒரு கிரெடிட். செய்முறைக் கூடத்தில் அதே ஒரு கிரெடிட்டுக்கு மூன்று மணி நேரம் நிற்க வேண்டும்.

“உக்காந்தா ஒரு நியாயம், நின்னா ஒரு நியாயமா?” என்று வீட்டில் பொருமினார்.

“உன்னை மூணு மணி நேரம் ஒரே இடத்துல நிக்க வைக்கிறாங்களே, அந்தக் காலேஜைக் கையெடுத்துக் கும்பிடணும்” என்றார் கணவர்.

கடைசியில் தொண்டையில் முள்ளாக நின்றது அடிப்படைப் பராமரிப்பு. படுத்த படுக்கையாக இருப்பவரைத் துடைத்து, திருப்பி, விரிப்பு மாற்றும் பாடம். அந்த ஒரு கிரெடிட்டிலிருந்து மட்டும் யாருக்கும் விலக்கு கிடையாது.

பரீட்சையில் வாயாடி என்று எல்லோரும் கூப்பிடும் முதலாண்டு மாணவி, பேச்சற்ற நோயாளியாக நடித்துப் படுத்திருந்தாள். சிஸ்டர் கண்ணிமைக்கும் நேரத்தில் எல்லாவற்றையும் முடித்தார். விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை. கூடி நின்ற பெண்கள் வாயைப் பிளந்தார்கள்.

“நாளைக்கு மறுபடி செய்ங்க, சிஸ்டர்” என்றார் ஆசிரியை.

“எதுல குறை, மேடம்?”

“தொடறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லலையே.”

“பேச்சு மூச்சில்லாதவங்ககிட்ட என்னத்தச் சொல்றது? எங்க வார்டுல ஜன்னலோரப் பெரியவர் மாசக்கணக்கா வாயே திறக்கல. சுவத்துகிட்ட பேசுற மாதிரிதான்.”

ஆசிரியை வாதாடவில்லை. “இந்தப் பாடத்துல பாதி, நோயாளியாப் படுக்குறது. முதுகு வலின்னு தள்ளிப் போட்டுட்டே வந்தீங்க. அதை இன்னிக்கு முடிச்சிருங்க. பேசக் கூடாது, அசையக் கூடாது.”

இதென்ன பிரமாதம் என்று சிஸ்டர் மல்லாந்து படுத்தார். தலைக்கு மேலே டியூப் லைட் நேராகக் கண்ணில் அடித்தது. திரும்பக் கூடாதே! இரண்டு பெண்கள் வந்தார்கள். “சூறாவளி ஸ்டைல்ல முடிச்சிரலாம்டி” என்றாள் ஒருத்தி. போர்வை பறந்தது. யாருடைய கை, எந்தப் பக்கம் என்று புரிவதற்குள் உடம்பு உருண்டது. கட்டிலிலிருந்து விழுந்தே விட்டோம் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. அவர் தலைக்கு மேலே அந்த இருவரின் விடுதி அரட்டை ஓடியது. ஈரத்துணி சொல்லாமல் கொள்ளாமல் முகத்தில் விழுந்தது. அச்சு அசலாக அவருடைய வேலைதான், ஒரு பிசிறும் இல்லை. அவருக்குக் கத்த வேண்டும் போல இருந்தது.

அப்புறம் வாயாடியின் முறை. கட்டிலருகே குனிந்து, “அக்கா, இப்போ உங்க வலது கையைத் தொடப் போறேன்” என்றாள்.

அவ்வளவுதான். உடம்பு தானாகத் தளர்ந்தது. சிஸ்டர் திகைத்துப் போனார். ஒரு வார்த்தைக்கு இத்தனை பலமா? இத்தனை வருடம் தன் கைகளுக்குக் கீழே கிடந்தவர்கள் எல்லோரும் இப்படித்தானே கிடந்திருப்பார்கள்! இதை ஒரு கிரெடிட்டுக்குள் மடித்து வைத்த புண்ணியவான் யாரோ, அவரை நினைத்துப் புல்லரித்தது. மூன்று மணி நேரம் என்ன, மூன்று வருடம் வைத்தாலும் தகும்.

மறுநாள் மறுபரீட்சையில் தேறிவிட்டார். நேராக வார்டுக்குப் போனார்.

ஜன்னலோரப் பெரியவர் மல்லாந்து கிடந்தார். சிஸ்டர் முதலில் அண்ணாந்து பார்த்தார். முகத்துக்கு நேர் மேலே விளக்கு.

“ஐயா, லைட்டு கண்ணைக் குத்துதா? ஆமான்னா கண்ணை மூடித் திறங்க.”

பெரியவர் மெதுவாக மூடித் திறந்தார். சிஸ்டர் போய் விளக்கை அணைத்துவிட்டு வந்தார்.

“இப்போ உங்க கையைத் தொடப் போறேன், ஐயா.”

சிஸ்டர் உடனே தொடவில்லை, காத்திருந்தார். போர்வைக்குள்ளிருந்து பெரியவரின் கை மெல்ல நகர்ந்து வெளியே வந்தது.