மூணாவது பூ

எழுபத்தஞ்சுல, வாளையாருக்குத் தெக்க கந்தப்பனோட தென்னந்தோப்புக் கெணறு வத்திப் போச்சு. புதுசு வெட்டோணும். அந்தப் பக்கமெல்லாம் மாரியம்மங்கிட்டப் பூவாக்குக் கேக்காம யாரும் கடப்பாரையத் தொட மாட்டாங்க. வெள்ளப் பூவையும் செவப்புப் பூவையும் தனித்தனியா எலையில பொதிஞ்சு அம்மன் முன்னால போட்டு, பூசாரி ஒண்ண எடுப்பாரு. வெள்ள வந்தா வெட்டலாம். செவப்பு வந்தா வேண்டாம்.

கந்தப்பனுக்குச் செவப்பு வந்துது.

"குலுக்கிப் போட்டு இன்னொருக்கா எடுங்க பூசாரி."

"ஒருக்காத்தானுங்களே கேக்கற வழக்கம்?"

"எடுங்கன்னா எடுங்க."

மறுபடியும் செவப்பு. கந்தப்பன் நகரல. ஊருல ஒரு நாயம்னா அவரு சொல்லுத்தான் கடைசி. பத்துப் பேரு வேண்டாம்னாலும் சரின்னு சொல்ல வெச்சுட்டுத்தான் எந்திரிப்பாரு. அம்மன் முன்னாலயும் அப்படியே நின்னாரு. மூணாவதா வெள்ள வந்துது. ஊட்டுல வந்து அத மட்டுஞ் சொன்னாரு.

வெட்ட எறங்குனது சம்சாரத்தோட தம்பி கருப்புசாமி. கெணறு வெட்டறதுதான் அவன் தொழிலு. முப்பதடியில பாறை. வெடி வெச்சதுல கரை சரிஞ்சு காலு நசுங்கீருச்சு. கோயமுத்தூருக்குத் தூக்கீட்டுப் போயி முழங்காலோட எடுத்தாங்க. தண்ணியும் சொட்டு வரல.

"அம்மனே வாக்குக் குடுத்து எறங்குனேன். அதுக்கப்புறமும் இப்படின்னா, என்ற தலையெழுத்துங்க மச்சா."

கருப்புசாமி இதச் சொல்றப்பெல்லாம் கந்தப்பனுக்குச் சோறு எறங்காது. ஊரும் அதையேதான் சொல்லுச்சு. ஏழரை நடக்குதுங்க, நேரஞ் சரியில்லீங்கன்னு. நல்லதுக்குத்தான் சொன்னாங்க. அவருக்கு என்னமோ எரிச்சலா வந்துது.

ஏழு மாசம் பொறுத்துப் பாத்தாரு. ஒரு நா மத்தியானம் சோத்துல கையி வெச்சவரு, பொண்டாட்டி கமலாத்தாகிட்ட எல்லாத்தையுஞ் சொல்லிப்போட்டாரு.

"உந்தம்பிகிட்டயும் போயிச் சொல்லீரப் போறேன்."

அவ அழுகல. கொழம்புச் சட்டிய எறக்கி வெச்சா.

"எதுக்குங்க? விதின்னு நெனச்சுட்டு அவன் தூங்கறான். அதையும் புடுங்கோணுமா? விதி செஞ்சுதுன்னா உங்களுக்குப் பொறுக்காது. கெட்டாலும் நீங்க கெடுத்துத்தான் கெடோணும். இதும் அதே வீம்புதானுங்க."

அவ சொன்னது நெசம்னு அவருக்கே தெரிஞ்சுது. ஆனா சொல்லாம உட்டா, கருப்புசாமி சாகற வரைக்கும் தான் பொறந்த நேரத்தையே நொந்துட்டுக் கெடப்பானே. கையக் கழுவீட்டு நடந்தாரு.

கருப்புசாமி கட்டில்ல சாஞ்சு கெடந்தான். அம்மன் படம் செவுத்தப் பாத்துத் திரும்பியிருந்துது.

"மொத ரெண்டு வாட்டியும் செவப்புத்தான் மாப்ள வந்துது. மூணாவதுதான் வெள்ள."

அவன் கையூணி நிமுந்து உக்காந்தான்.

"தெரிஞ்சிருந்தா எறங்கியிருக்க மாட்டேன்."

"அதான் சொல்லல."

"ஏழு மாசமா ஆத்தாளத் திட்டீட்டுக் கெடந்தேன்யா. அவ ரெண்டு வாட்டி வேண்டாம்னிருக்கா!" அன்னிக்குத்தான் மச்சானை மொதமொதல்ல மரியாத உட்டுப் பேசுனான். "அந்தப் படத்தத் திருப்பி வெய்யி."

கந்தப்பன் எந்திரிச்சுத் திருப்பி வெச்சாரு.

"இனி இந்த ஊட்டுப் பக்கம் வராத."

"மாப்ள, நாஞ் சொல்றதக் கொஞ்சம்..."

"வேண்டாம்."

இந்த வாட்டி கந்தப்பன் இன்னொருக்காக் கேக்கல. வாசல்ல செருப்ப மாட்டிக்கிட்டு வெயில்ல எறங்கி நடந்தாரு.